டேரன் தேறுவானா

வெஸ்டன் க்ரீக், நெப்ராஸ்கா
செப்டம்பர் 9, 1986

கிளென்,

தொலைபேசியில் கேட்டால் நீ பேசியே சமாளித்துவிடுவாய். பள்ளிக்கூட நாளிலிருந்தே உன் வாய் அப்படி. காகிதத்தில் எழுதும்போதாவது மனிதன் கொஞ்சம் யோசிப்பான் என்று இதை எழுதுகிறேன்.

கேள்வி ஒன்றுதான். டேரன் தேறுவானா, மாட்டானா?

சனிக்கிழமை உன் கல்லூரி ஃபுட்பால் ஆட்டத்தை நானும் டெலோரஸும் நேரில் வந்து பார்த்தோம். வர இருநூற்று நாற்பது மைல், போக இருநூற்று நாற்பது மைல். நடுவில் என் மகன் நான்கு பந்துகளை எதிரணிக்காரன் கையில் கொண்டுபோய்க் கொடுத்ததைப் பார்த்தோம். மூன்றாவது பந்துக்கு அந்தப் பையன் ஓடக்கூட இல்லை. தபால்காரனிடம் கடிதம் வாங்குவது போல நின்ற இடத்தில் நின்று வாங்கிக்கொண்டான். எனக்கு முன் வரிசையில் இருந்தவன், "யாருடா இவனுக்குப் பந்தெறியற குவார்ட்டர்பேக் சட்டைய மாட்டிவிட்டது?" என்றான். டெலோரஸ் என் கையைப் பிடித்து அழுத்தினாள். அவனிடம் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தாள் போல. நான் ஒன்றும் சொல்லவில்லை.

போன வருடம் என் வீட்டு மேஜையில் உட்கார்ந்து, டெலோரஸ் செய்த பழம் வைத்த கோலாச்சி ரொட்டியில் ஐந்தைத் தின்றுவிட்டு, "இந்த மாதிரிக் கை எங்கயும் கிடைக்காது எமில், எங்கிட்ட விடு" என்று சொன்னவன் நீ. உன்னை நம்பித்தான் அனுப்பினேன். நாம் ஆடிய காலத்தில் நான்கு வருடம் நான் குனிந்து காலிடுக்கு வழியாகப் பந்தைத் தள்ளினேன், நீ பார்க்காமலே வாங்கினாய். உன்னை அடிக்க வந்தவர்களையெல்லாம் என் மேல் தாங்கினேன். அதற்குக் கூலியாக ஓர் உண்மை கேட்கிறேன். நான் வேலை பார்க்கும் தானியக் கிடங்கில் எல்லோரும் என்னைக் கேட்கிறார்கள். நான் என்ன சொல்ல?

எமில்

---

மில்பர்ன், கன்சாஸ்
செப்டம்பர் 16, 1986

அன்புள்ள எமில்,

உன் கடிதத்தை இரண்டு நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். யோசித்துத்தான் எழுதுகிறேன், நம்பு.

தேறுவான்.

கையில் குறையே இல்லை. ஐம்பது கெஜம் எறிந்தாலும் அவன் முகம் மாறுவதில்லை. குறை காலில் இருக்கிறது, கண்ணில் இருக்கிறது. யாருக்கு எறியப் போகிறானோ அவனையே முதலிலிருந்து முறைத்துப் பார்க்கிறான். மைதானத்தில் இருக்கும் அத்தனை பேருக்கும் பந்து எங்கே போகும் என்று தெரிந்துவிடுகிறது. கால் இரண்டும் மண்ணில் நட்டது போல நின்றுவிடுகின்றன. இவையெல்லாம் பழக்கத்தில் வருபவை. பத்தொன்பது வயதில் நான் எப்படி இருந்தேன் என்று உனக்குத் தெரியாதா? எனக்கு நீ முன்னால் நின்றாய். அவனுக்கு முன்னால் நிற்பவர்களும் பிள்ளைகள்தான்.

எட்டு ஆட்டம் தொடர்ந்து ஆடவிட்டால் போதும். தலைமைப் பயிற்சியாளர் ஹோல்கம்முக்குத்தான் பொறுமை இல்லை. நான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

வெளிப்பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதே. இங்கே திங்கட்கிழமை ஆறு மணிக்கு ரேடியோவில் ரசிகர்கள் தொலைபேசியில் பேசும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. உங்கள் ஊர் வரைக்கும் கேட்கும் என்று நினைக்கிறேன். ஹேஸ்டிங்ஸிலிருந்து வால்ட் என்று ஒரு மனிதர் இரண்டு வாரமாகப் பேசுகிறார். "அந்தப் பையன் கால்ல சிமெண்ட் மூட்டையக் கட்டிவிட்டிருக்காங்களா?" என்று கேட்டாராம். சாப்பாட்டுக் கூடத்தில் பையன்கள் சிரித்தார்கள், டேரனும் கூடச் சேர்ந்து சிரித்தான் என்று கேள்விப்பட்டேன். இப்படிப்பட்டவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

டெலோரஸுக்கு என் அன்பைச் சொல்.

கிளென்

---

வெஸ்டன் க்ரீக்
செப்டம்பர் 30, 1986

கிளென்,

நீ எழுதியது எனக்கு ஆறுதலாக இல்லை.

பழக்கத்தில் வரும் என்கிறாய். நீ அவனை ஒரு வருடமாகப் பார்க்கிறாய். நான் பத்தொன்பது வருடமாகப் பார்க்கிறேன். நல்ல பையன். சொன்ன வேலையைச் செய்வான், அதற்கு மேல் ஒரு பிடி போட மாட்டான். ஆறு வயதில் சைக்கிள் கற்றான், எட்டு வயதிலும் அதே மாதிரிதான் ஓட்டினான். சிலருக்கு ஒரு அளவு இருக்கிறது. பதினேழு வயதில் அந்த அளவை எட்டிவிடுவார்கள். எனக்கும் அப்படித்தான் ஆனது. உனக்கு ஆகவில்லை. அதனால்தான் நீ அங்கே இருக்கிறாய், நான் இங்கே சோள லாரிக்குள் குழாயை விட்டு ஈரம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சனிக்கிழமை பாதி ஆட்டத்தில் அவனை வெளியே உட்காரவைத்தீர்களே, அதுதான் சரி. அப்படியே விட்டுவிடுங்கள். திங்கட்கிழமை கிடங்குக்குள் நுழைந்ததும் எடைபோடும் மார்வ் தராசு மேடையில் நின்றுகொண்டு, "எமில், உன் பையன் இந்த வாரம் எத்தன பேருக்குத் தானம் பண்ணான்?" என்று கேட்டான். லாரிக்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது?

நீ ரேடியோ மனிதரைப் பற்றி எழுதியிருந்தாய். எல்லா ஊரிலும் இருப்பார்கள் என்றாய். இருக்கலாம். அவர் சொல்வதில் உண்மை இல்லை என்று மட்டும் நீ எழுதவில்லை. கவனித்தேன்.

எமில்

---

மில்பர்ன்
அக்டோபர் 19, 1986

எமில்,

இரண்டு ஆட்டம்! இரண்டும் அவன் ஜெயித்துக் கொடுத்தவை!

பேப்பரில் பார்த்திருப்பாய், இருந்தாலும் என் கையால் எழுதவேண்டும் என்று இருக்கிறது. நேற்று கடைசி மூன்று நிமிடம். இடது பக்கம் பார்த்தான், அங்கே ஆள் அடைத்துக்கொண்டிருக்க, திரும்பி வலது பக்கம் பார்த்தான். எமில், திரும்பினான்! ஒரு மாதமாகத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன், "கண்ணத் திருப்புடா, கண்ணத் திருப்புடா" என்று. கால் தானாக நகர்ந்தது. பந்து போய் உட்கார்ந்த இடத்தில் வேறு யாரும் கை வைத்திருக்க முடியாது. ஹோல்கம் என் முதுகில் ஓர் அறை விட்டார், இன்னும் வலிக்கிறது.

நீ வந்திருக்க வேண்டும். அவன் உன்னைப் பற்றி விசாரித்தான். "அப்பாவுக்கு அறுவடை நேரம், லாரி வரிசை நிக்கும்" என்று அவனே பதிலும் சொல்லிக்கொண்டான்.

இந்த வாரம் முழுவதும் நான் ஊரில் இருக்க மாட்டேன், அடுத்த வருடத்துக்குப் பையன்களைப் பார்க்கப் பள்ளிக்கூடங்களைச் சுற்றுகிறேன். சனிக்கிழமை ஆட்டத்துக்கு வா. அளவு என்று எழுதினாயே, அதை அவனை நேரில் பார்த்துவிட்டு எழுது.

கிளென்

---

மில்பர்ன்
அக்டோபர் 28, 1986

எமில்,

தொலைபேசியில் டெலோரஸிடம் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். இடது பக்கக் காறை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது. எறியும் கைக்கு ஒன்றுமில்லை. தலையில் அடி இல்லை. இந்த வருடம் இனி ஆட முடியாது.

டெலோரஸ் தன் அக்காவின் காரை வாங்கிக்கொண்டு தனியாக வந்தாள். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நீ வரவில்லை. அவன் கதவு திறக்கும்போதெல்லாம் பார்த்தான். நான் இதை எழுதியிருக்கக் கூடாது. எழுதிவிட்டேன், அடித்துத் திருத்தப் போவதில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். முதல் பாதியிலேயே எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. அவன் எறியப் போகும் ஒவ்வொரு முறையும் எதிரணித் தடுப்புக்காரர்கள் முன்கூட்டியே பாய்ந்தார்கள். எறியாமல் ஓட்டக்காரனிடம் பந்தைக் கொடுக்கும்போது பாயவில்லை. அவர்களில் ஒருவன், "தொடைச்சான்! தொடைச்சான்!" என்று கத்திக்கொண்டே இருந்தான். எனக்கு அது என்னவென்று விளங்கவில்லை. மூன்றாம் பகுதியில் மூன்று பேர் ஒன்றாக அவன் மேல் விழுந்தார்கள். அந்தச் சத்தம் கோட்டுக்கு வெளியே நின்ற எனக்குக் கேட்டது.

ஆட்டம் முடிந்து கைகுலுக்கும்போது அவர்களின் உதவிப் பயிற்சியாளர் என்னிடம், "மன்னிச்சுக்கங்க, பையனுக்கு அடிபடணும்னு நெனைக்கல. ஆனா உங்க ரேடியோவுக்கு நாங்க நன்றி சொல்லணும்" என்றார். என்ன ரேடியோ என்றேன். "திங்கக்கெழம அந்த வால்ட்டு சொன்னாரே. எறியறதுக்கு முன்னாடி வலது உள்ளங்கைய ஒரு தரம் தொடையில தொடைப்பான், ஓட்டத்துக்குன்னா தொடைக்க மாட்டான்னு. நாங்க பழைய ஆட்டங்களோட படத்தப் போட்டுப் பாத்தோம். தப்பே இல்ல."

ஒரு வருடமாக அவன் கையையும் காலையும் பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். நான் அதைக் கவனிக்கவில்லை. அந்த வெட்கம் என்னுடையது, உனக்கு வேண்டாம்.

நேற்று ரேடியோ நிலையத்துக்குப் போய் அந்த நிகழ்ச்சியின் ஒலிநாடாவைக் கேட்டேன். ஆறு முறை போட்டுக் கேட்டேன். முதல் முறையே போதுமாயிருந்தது.

எமில், ஹேஸ்டிங்ஸில் வால்ட் என்று யாரையாவது உனக்குத் தெரியுமா?

கிளென்

---

வெஸ்டன் க்ரீக்
நவம்பர் 3, 1986

கிளென்,

தெரியும்.

நீ கேட்ட விதத்துக்கு நன்றி. நேரடியாகக் கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லியிருப்பேன். எனக்கு என்னைத் தெரியும்.

எப்படி ஆரம்பித்தது என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய். அவனுக்காகப் பேசத்தான் கூப்பிட்டேன். முதல் ஆட்டம் முடிந்த திங்கட்கிழமை. எல்லோரும் போன பிறகு கிடங்கு ஆபீஸ் தொலைபேசியிலிருந்து. மைதானத்தில் முன் வரிசைக்காரனிடம் சொல்லாமல் விட்டதை இங்கேயாவது சொல்வோம் என்று. பையனுக்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள், முன்னால் நிற்பவர்கள் புதுப் பையன்கள், அவன் என்ன செய்வான் என்று சொன்னேன். ரேடியோக்காரன் சிரித்தான். "சார், குரல்ல பாசம் வழியுதே. நீங்க அவனோட அப்பாவா?" என்றான். பின்னால் யாரோ சேர்ந்து சிரித்தது கேட்டது.

இல்லை என்றேன்.

ஒரு நொடி கூட யோசிக்கவில்லை, கிளென். "இல்லைங்க, நான் யாரோ. ஹேஸ்டிங்ஸ், பேரு வால்ட்" என்றேன். நம்பவில்லை போலிருந்தது. நம்பவைப்பதற்காக டேரன் காலைப் பற்றி ஏதோ சொன்னேன். அதற்கும் சிரித்தான். ஆனால் இந்த முறை என்னோடு சேர்ந்து சிரித்தான். மறுநாள்தான் உனக்கு முதல் கடிதம் எழுதினேன்.

அடுத்த திங்கட்கிழமை, "வால்ட் வந்துட்டாரா?" என்று ரேடியோக்காரனே எதிர்பார்த்தான். மார்வ் கிடங்கில் என் எதிரிலேயே, "அந்த ஹேஸ்டிங்ஸ்காரன் விவரமான ஆளுய்யா" என்றான். முப்பது வருடமாக அவனோடு வேலை செய்கிறேன், என்னை விவரமான ஆள் என்று யாரும் சொன்னதில்லை. மார்வுக்கு என் குரல் தெரியாமலா இருக்கும்? தெரிந்தேதான் சொன்னானோ என்று இப்போது அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பிறகு டேரன் இரண்டு ஆட்டம் ஜெயித்தான். அப்பனாக இருந்தவன் அன்றைக்குத் துள்ளியிருக்க வேண்டும். துள்ளினேன், டெலோரஸைத் தூக்கிச் சுற்றினேன். அதே திங்கட்கிழமை போய்த் தொலைபேசியை எடுத்தேன். தோற்றுப் போனேன் என்று ஒத்துக்கொள்ளத்தான் எடுத்தேன். ரேடியோக்காரன், "வால்ட், இப்ப என்ன சொல்றீங்க? சொன்னது தப்பாப் போச்சே, தொப்பியத் திங்கறீங்களா?" என்றான். எனக்குக் காது சூடாகிவிட்டது. என் மகன் ஜெயித்ததற்கு எனக்குக் காது சூடானது. அப்போதுதான் அந்தக் கை துடைப்பதைச் சொன்னேன். பத்து வயதில் எங்கள் கொட்டகைக்குப் பின்னால் எறியும்போதிலிருந்து செய்கிறான். அவனுக்கு உள்ளங்கை வியர்க்கும். எனக்கும் வியர்க்கும். உலகத்தில் எனக்கு மட்டும் தெரிந்த ஒன்று அது.

அவன் அடிபட்ட மறுநாள் காலையில் நான் புறப்பட்டேன். டெலோரஸ் எனக்காகக் காத்திருக்காமல் முன்பே போய்விட்டாள். பெலாய்ட் தாண்டி ஒரு பெட்ரோல் பங்க்கில் நிறுத்தினேன். பங்க்குக்காரப் பெண், "எங்க போறீங்க?" என்று சும்மா கேட்டாள். வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். டெலோரஸிடம் வண்டி பழுது என்றேன்.

இனி நீ என்ன வேண்டுமானாலும் எழுது.

எமில்

---

மில்பர்ன்
நவம்பர் 12, 1986

எமில்,

மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். முதலாவதை அனுப்பியிருந்தால் நாம் இனிமேல் பேசிக்கொள்ள மாட்டோம்.

ஒன்றே ஒன்றைக் கேட்டுவிடுகிறேன். அவன் தேறுவானா என்று எனக்கு இரண்டு கடிதம் எழுதினாய். ஒரு வரி, எமில். கை துடைக்கிறான் பார் என்று ஒரே ஒரு வரி அதில் எழுதியிருந்தால், ஒரு மதியத்தில் நான் அதைத் திருத்தியிருப்பேன். ஊருக்கெல்லாம் சொன்னாய், எனக்குச் சொல்லவில்லை.

சரி. இதோடு நிறுத்தியிருந்தால் நான் யோக்கியன். கிழித்த கடிதங்களில் அப்படித்தான் நிறுத்தியிருந்தேன்.

செப்டம்பர் பதினெட்டாம் தேதி. "தேறுவான்" என்று உனக்கு எழுதி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. ஹோல்கம் எங்கள் எல்லோரையும் மேஜையைச் சுற்றி உட்காரவைத்து, ஒவ்வொரு பையனைப் பற்றியும் ஒரு வரி எழுதச் சொன்னார். அடுத்த வருடம் யாரை வைத்துக்கொள்வது, யாரை விடுவது என்பதற்கு. எழுதும் முன்பே, "டேரன் நோவோட்னி தேற மாட்டான்னு நான் நெனைக்கிறேன். கிளென், உனக்கு எப்படிப் படுது?" என்றார். என் ஒப்பந்தம் டிசம்பரில் முடிகிறது. எனக்கு ஐம்பது வயது, இது நான் வேலை பார்க்கும் ஐந்தாவது கல்லூரி. "இதற்கு மேல் வளர மாட்டான்" என்று எழுதினேன். கையெழுத்தும் போட்டேன். அந்தக் காகிதம் கோப்பில் இருக்கிறது. அதன் பிறகு அவன் இரண்டு ஆட்டம் ஜெயித்தான், அப்போதும் நான் போய் அதை எடுக்கவில்லை.

நீ பேர் மாற்றிச் சொன்னாய். நான் சொந்தப் பேரில் எழுதினேன். எது மோசம் என்று எனக்குத் தெரியவில்லை.

நன்றித் திருநாள் விடுமுறைக்கு அவன் வீட்டுக்கு வருகிறான். இன்னும் கையைக் கழுத்தோடு தூக்கித்தான் கட்டியிருக்கிறான். ஒலிநாடாவைப் பற்றி அவனிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அது என் வேலை இல்லை.

கிளென்

---

வெஸ்டன் க்ரீக்
டிசம்பர் 1, 1986

கிளென்,

சொல்லிவிட்டேன்.

புதன்கிழமை பேருந்தில் வந்தான். அன்றைக்கு முடியவில்லை. வியாழக்கிழமை விருந்துக்கு டெலோரஸின் அக்கா குடும்பம், அன்றைக்கும் முடியவில்லை. வான்கோழியை நான் அறுத்துக் கொடுக்க, ஒரு கையால் சாப்பிட்டான். அவள் அக்கா வீட்டுக்காரர், "அந்த ரேடியோக்காரன் வால்ட்டு மட்டும் எங்கையில கெடைச்சான்னா" என்றார். டேரன் அவரிடம் உருளைக்கிழங்குக் கிண்ணத்தை நீட்டி, "பெரியப்பா, இன்னும் கொஞ்சம் போட்டுக்கங்க" என்றான். நான் தலையை நிமிர்த்தவில்லை.

வெள்ளிக்கிழமை காலை வெளியே போகக் கிளம்பினான். ஒரு கையால் பூட்ஸ் கயிறு கட்ட முடியாமல் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். நான் முட்டி போட்டுக் கட்டிவிட்டேன். முகத்தைப் பார்க்க வேண்டாமே, அதனால் அப்போதே சொன்னேன்.

"அந்த வால்ட்டு நாந்தான்டா."

"தெரியும்ப்பா" என்றான்.

முதல் வாரமே தெரியுமாம். சாப்பாட்டுக் கூடத்தில் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. முதல் வார்த்தையிலேயே தெரிந்துவிட்டதாம். "ஒங்க கொரலு எனக்குத் தெரியாதா?" என்றான். பக்கத்தில் இருந்த பையன், "யாருடா இந்த ஆளு, உன்ன இந்தப் போடு போடறான்?" என்று கேட்டதற்கு, "யாரோ கெழவன்" என்று சொல்லிச் சிரித்தானாம். "அதுக்கப்புறம் திங்கக்கெழம நான் ரேடியோ பக்கம் போறதில்லப்பா. வேற எதாச்சும் சொன்னீங்களா?"

கை துடைத்ததை நான் சொன்னது அவனுக்குத் தெரியாது, கிளென். கேட்காமல் இருந்ததால்தான் தெரியாமல் போயிற்று. கேட்டிருந்தால் சனிக்கிழமைக்குள் மாற்றிக்கொண்டிருப்பான். என் வாயாலேயே சொல்ல வேண்டி வந்தது. கயிறு கட்டி முடிந்திருந்தது, நான் அவிழ்த்து மறுபடி கட்டினேன்.

அவன் வலது உள்ளங்கையை விரித்துப் பார்த்தான். ஏதோ அழுக்கு இருப்பது போல.

"நான் தேற மாட்டேன்னு சும்மா சொன்னீங்களா, இல்ல நெஜமாவே அப்படி நெனைச்சீங்களா?"

பொய் சொல்ல அது நல்ல இடம். சும்மா சொன்னேன்டா என்றால் முடிந்தது.

"நெனைச்சேன்" என்றேன்.

"இப்பவும்?"

"எனக்குத் தெரியலடா."

தலையை ஆட்டினான். "மூணு வருஷத்துல நான் நல்லா ஆடுவேன்ப்பா. பெரிய ஆளா எல்லாம் ஆக மாட்டேன், அது எனக்கே தெரியும். ஆனா இந்தக் காலேஜுக்குப் போதுமான அளவு ஆடுவேன். அதுக்கு மேல நான் யாருக்கும் சொன்னதில்லையே? நீங்களும் கோச்சும்தான் மாத்தி மாத்திப் பேசிக்கிறீங்க."

எழுந்து நடந்து போனான். ரயில் பாதை வரைக்கும் போய்த் திரும்பி வந்தான். மதியம் என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டான், உப்பைக் கேட்டான், கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை பேருந்து ஏறும் வரை இரவல் வாங்கியவன் போல மரியாதையாக இருந்தான். சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

டெலோரஸிடமும் சொல்லிவிட்டேன். அவள் இப்போது டேரனின் அறையில் படுத்துக்கொள்கிறாள்.

நான் என் பையனிடம் சொல்லிவிட்டேன், கிளென். நீ?

எமில்

---

மில்பர்ன்
ஏப்ரல் 27, 1987

எமில்,

ஐந்து மாதம் பதில் எழுதாமல் இருந்ததற்குச் சாக்கு ஒன்றும் இல்லை. நீ கேட்ட கேள்விக்கு "சொல்லிவிட்டேன்" என்று எழுதும் வரை எழுதுவதில்லை என்று இருந்தேன். பிப்ரவரி வரைக்கும் தைரியம் வரவில்லை. அதற்குப் பிறகு வசந்தகால ஆட்டம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன்.

எடை தூக்கும் உடற்பயிற்சிக் கூடத்தில் அவனிடம் சொன்னேன். கோப்பில் என்ன எழுதியிருக்கிறேன், எந்தத் தேதியில் எழுதினேன், அதற்கு இரண்டு நாள் முன்னால் உனக்கு என்ன எழுதினேன், எல்லாம். இரும்பைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்.

"அந்தப் பேப்பர மாத்திட்டீங்களா, கோச்?"

"இல்ல. இன்னிக்குப் போய் மாத்தறேன்."

"வேணாம், கோச். இருக்கட்டும்" என்றான். பிறகு, "அடுத்து எத்தன தடவ தூக்கணும்?" என்றான்.

அதைக் கேட்காமல் ஹோல்கம்மிடம் போய், நான் எழுதியது பொய் என்று சொன்னேன். அவர், "எல்லாரும் அப்படித்தான் எழுதினீங்க. எனக்கு வேண்டியதத்தான் எழுதுவீங்கன்னு எனக்குத் தெரியாதா? பையன் இருக்கட்டும், வசந்தத்துல பாத்துக்கலாம்" என்றார். என் ஒப்பந்தத்தை டிசம்பரிலேயே இன்னும் ஒரு வருடம் நீட்டியிருந்தார்கள். அந்தக் காகிதத்துக்குக் கிடைத்த கூலி என்றே அதை வைத்திருக்கிறேன்.

சனிக்கிழமை வசந்தகால ஆட்டத்துக்கு நீ வந்திருந்தாய். மேல் வரிசையில், கம்பத்துக்குப் பின்னால். நான் ஏறி வருவதற்குள் போய்விட்டாய். பார்த்ததை நீயே பார்த்தாய், இருந்தாலும் கோட்டுக்குப் பக்கத்தில் நின்றவன் சொல்வதையும் கேட்டுக்கொள்.

தேறிவிட்டான். சந்தேகமே வேண்டாம். காலில் பாரமே இல்லை. கண் மூன்று பக்கமும் போகிறது. உள்ளங்கையை இப்போது ஒவ்வொரு முறையும் துடைக்கிறான், ஓட்டத்துக்கும் துடைக்கிறான், யாராலும் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. ஒரே ஒரு பந்து எதிராளி கைக்குப் போனது. போனால் போகட்டும் என்று திரும்பி வந்து அடுத்ததற்கு நின்றான்.

போன வருடம் முழுவதும் ஒவ்வொரு பந்தையும் எறிந்த கையோடு அவன் முதலில் என்னைத் திரும்பிப் பார்ப்பான். பிறகு, நீங்கள் வந்திருந்தால், நீயும் டெலோரஸும் உட்கார்ந்திருக்கும் பக்கத்தைப் பார்ப்பான். சரியா, தப்பா என்று எங்கள் முகத்தில் படித்துவிட்டுத்தான் அடுத்த பந்துக்கு வருவான். அந்தப் பழக்கம்தான் அவனைக் கெடுக்கிறது என்று நான் அவனிடம் நூறு தடவை சொல்லியிருப்பேன். "எறிஞ்சாச்சுன்னா முடிஞ்சுது, யாரையும் பாக்காத" என்று.

சனிக்கிழமை முப்பத்தோரு பந்து எறிந்தான். ஒரு முறை கூடத் திரும்பவில்லை. முதல் பந்து அழகாகப் போய்ச் சேர்ந்தபோது, திரும்புவான் என்று நான் பழக்கத்தில் கையை உயர்த்திவிட்டேன். பக்கத்தில் பையன்கள் நின்றிருந்தார்கள். தொப்பியைச் சரிசெய்வது போல அதை இறக்கிக்கொண்டேன்.

கிளென்